போர்முனையில் தம்பி, தில்லியில் இருப்பதாக நம்பும் அம்மா: சொல்லிவிடலாமா?

#1 காவிரிக்கரை

என் தம்பிக்கு 32 வயது. கும்பகோணத்தில் திருமணம், குடமுழுக்கு என்று படம் எடுக்கத் தொடங்கியவன், இப்போது வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களுக்கு எடுத்துக் கொடுக்கிறான். சம்பளக்காரன் இல்லை. நாளுக்கு இவ்வளவு என்று கூலி. மூன்று வாரங்களுக்கு முன் போர் நடக்கும் ஒரு நாட்டுக்குப் போயிருக்கிறான். எந்த நாடு என்று எங்கும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

அம்மாவைப் பொறுத்தவரை அவன் தில்லியில் இருக்கிறான். நாங்கள்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு 70 வயது, சர்க்கரை, இதயத்தில் ஒரு ஸ்டென்ட். மாலையில் விளக்கேற்றியதும் "தில்லியில் இன்று மழையா?" என்று கேட்பார். நான் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு பதில் சொல்வேன். மூன்று வாரத்தில் தில்லி வானிலையில் பண்டிதையாகிவிட்டேன்.

புறப்படும் முன் ஒரு படிவத்தின் நகலை அனுப்பினான். அவசரம் என்றால் யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில் முதலில் என் பெயர், அடுத்து என் கணவர் பெயர். அம்மாவின் பெயர் இல்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஏதாவது ஆகி, அந்த அழைப்பை நான் எடுத்துவிட்டால், அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் எந்த வாயால் சொல்வேன்? மூன்று வாரமாகப் பொய் சொன்ன அதே வாயாலா?

இப்போதே சொல்லிவிடலாமா? அல்லது திரும்பி வரும்வரை தில்லியாகவே இருக்கட்டுமா?

#2 நெறியாளர்

முதல் பதிவிலிருந்து ஒரு நிறுவனத்தின் பெயரையும் ஓர் எல்லைச் சாவடி பற்றிய குறிப்பையும் நீக்கியிருக்கிறேன். பதில் எழுதுபவர்கள் அவர் எங்கே இருக்கக்கூடும் என்று ஊகிக்க வேண்டாம்.

#3 இருட்டறை

அம்மா, நான் ஒரு நாளிதழில் முப்பது வருடம் படம் எடுத்து ஓய்வுபெற்றவன். கலவரம், வெள்ளம் வரைதான் என் அனுபவம், போருக்குப் போனதில்லை. ஆனாலும் உங்கள் கேள்விக்கு என் பதில்: சொல்லிவிடுங்கள். ஏன் என்று ஒரு கதை சொல்கிறேன்.

ஆன்டன் ஹாமர்ல் என்று தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர். உங்கள் தம்பியைப் போலவே எந்த நிறுவனத்தின் சம்பளத்திலும் இல்லாமல் 2011இல் லிபியாவுக்குப் போனார். மூன்று குழந்தைகள், கடைசி கைக்குழந்தை. ஏப்ரல் 5 அன்று பிரேகா ஊருக்கு அருகே கடாஃபியின் படையினர் சுட்டதில் வயிற்றில் குண்டு பாய்ந்தது. உடன் இருந்த மூன்று பத்திரிகையாளர்களை, ஜேம்ஸ் ஃபோலி, கிளேர் கில்லிஸ், மனு பிராபோ ஆகியோரை, பிடித்துக்கொண்டு போனார்கள். ஹாமர்லைப் பாலைவனத்திலேயே விட்டுவிட்டார்கள்.

லண்டனில் இருந்த மனைவிக்கு இது எதுவும் தெரியாது. அவர் உயிரோடு எங்கள் காவலில் இருக்கிறார் என்று லிபிய அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நடந்ததைக் கண்ணால் பார்த்த மூவரும் சிறையில். அங்கிருந்து வாய் திறந்தால் தங்கள் உயிருக்கே ஆபத்து. மே மாதம் விடுதலையாகி நாட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் அந்தக் குடும்பத்துக்குச் சொன்னார்கள். மொத்தம் 44 நாட்கள். அத்தனை நாளும் அந்த வீட்டில் எழுதிய மனுக்கள், பிடித்த கால்கள், குழந்தைகளுக்குச் சொன்ன சமாதானங்கள் எல்லாம் இறந்துவிட்ட ஒருவருக்காக. உடல் இன்றுவரை வீடு வந்து சேரவில்லை.

அங்கே பொய் சொன்னது ஓர் அரசாங்கம். உங்கள் வீட்டுப் பொய் பாசத்தால் பிறந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெடிக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் வெடிக்கும்.

#4 வெளிப்படை

யாராவது இதைச் சொல்லத்தான் வேண்டும். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, தன் காசில் விமானம் ஏறிப் போருக்குப் போவது என்ன தியாகம்? படை வீரனுக்கு உத்தரவு வருகிறது, போகிறான். இவர்களுக்கு யார் உத்தரவு போட்டார்கள்? விருது வாங்குவது ஒருவர், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீட்டில் இருப்பவர்கள். அந்தத் தம்பி அம்மாவைக் கேட்டுவிட்டா போனார்? அவர் செய்ததற்கு இந்த அக்கா ஏன் தில்லி மழையை மனப்பாடம் செய்ய வேண்டும்?

#5 நூலகத்துக்காரி

வெளிப்படை, பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: எல்லாரும் விமானம் ஏறிப் போவதில்லை. போர் பலரது வீட்டு வாசலுக்கே வருகிறது.

வியட்நாமில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்குப் படம் எடுத்த ஹுயின் தான் மை 1965 அக்டோபரில் மீகாங் பகுதியில் கொல்லப்பட்டார். அந்த ஊர்க்காரர், அந்த மண்ணின் போர். அவருடைய தம்பி, பதின்வயதுப் பையன், அதே அலுவலகத்தில் போய் வேலை கேட்டான். ஒரு குடும்பத்தில் ஒருவர் போனது போதாதா என்று அங்கே படப் பிரிவின் பொறுப்பில் இருந்த ஹோர்ஸ்ட் ஃபாஸ் தயங்கினார். பையன் விடவில்லை. முதலில் இருட்டறை வேலை, பிறகு கேமரா. அவர்தான் நிக் உட். 1972 ஜூன் 8 அன்று நேபாம் குண்டில் உடல் வெந்து ஓடிவந்த சிறுமியின் படத்துக்குப் பெயர்பெற்றவர். (அந்தப் படத்தை எடுத்தது அவர்தானா என்று இப்போது சர்ச்சை கிளம்பி, வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு 2025இல் அவர் பெயரைப் படத்தோடு சேர்ப்பதை நிறுத்தி வைத்திருக்கிறது. அது தனி இழைக்கான சண்டை.) மூத்தவனை அதே வேலைக்குப் பறிகொடுத்த தாய், இளையவன் அந்த அலுவலகத்துக்குப் புறப்படும்போது வாசலில் நின்று என்ன நினைத்திருப்பார்?

காசாவை எடுத்துக்கொள்ளுங்கள். மரியம் தக்கா, 33 வயது, அசோசியேட்டட் பிரஸ் உட்படப் பல நிறுவனங்களுக்கு வேலை செய்தவர். 2025 ஆகஸ்ட் 25 அன்று கான் யூனிஸில் உள்ள நாசர் மருத்துவமனை மீது இஸ்ரேல் நடத்திய தாக்குதலில் கொல்லப்பட்டார். அன்று அங்கே இறந்த பத்திரிகையாளர்கள் ஐந்து பேர். முன்பு தந்தைக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்த மகள். 13 வயது மகனைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அனுப்பியிருந்தார். அங்கே வெளியூர் போனது மகன். தாய் சொந்த ஊரில்தான் இருந்தார். காத்திருந்தது பிள்ளை.

#6 வல்வைக் காற்று

இந்த இழையில் எங்கள் ஊர்க் கதை ஒன்றையும் வைக்கிறேன்.

சுப்பிரமணியம் சுகிர்தராஜன், திருகோணமலை, சுடர் ஒளி நாளிதழின் செய்தியாளர். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொல்லியது. சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. படங்கள் அச்சாகின. மூன்று கிழமை கழித்து, ஜனவரி 24 காலை, வேலைக்குப் புறப்பட்டவரைத் தெருவில் வைத்துச் சுட்டார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்த மனிதர். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

அவர் போர்முனை எதற்கும் போகவில்லை, வெளிப்படை அவர்களே. வீட்டிலிருந்து பஸ் பிடிக்கும் தூரம் மட்டுமே போனார். குண்டு துளைக்காத மேலங்கி, தலைக்கவசம், காப்புறுதி எதுவும் அவரிடம் இல்லை. அவருடைய வீட்டில் இருந்தவர்களுக்கு, தாங்கள் காத்திருக்கிறோம் என்றுகூடத் தெரிந்திருக்காது. சாப்பாட்டுக்கு வருவார் என்றுதான் இருந்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் வன்னியிலிருந்து திரும்பும் வழியில் 2001இல் ஒரு கண்ணை இழந்த அமெரிக்கச் செய்தியாளர் மேரி கொல்வினை எல்லாருக்கும் தெரியும். 2012இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் அவர் இறந்தபோது உலகமே எழுதியது. அவருடன் இறந்த ரெமி ஒக்லிக் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரருக்கு வயது 28. அந்த இருவரையும் குறைத்துச் சொல்லவில்லை. சுகிர்தராஜனின் பெயரை இந்த இழையில் முதல்முறை கேட்பவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கிறேன்.

#7 நிகழ்தருணம்

கொஞ்சம் தலைப்புக்கு வெளியேதான். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்கள் 35 எம்.எம். லென்ஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்களா, அல்லது 24–70 ஜூம் எடுத்துப் போகிறார்களா?

#8 இருட்டறை

தம்பி, வேறு இழை தொடங்கு. அங்கே வந்து சொல்கிறேன்.

#9 வெளிப்படை

வல்வைக் காற்று, சுகிர்தராஜன் பெயரை இப்போதுதான் கேட்கிறேன். நான் எழுதியதில் அவரைச் சேர்க்க மாட்டேன். நூலகத்துக்காரி சொன்ன ஓட்டையும் சரிதான்.

ஆனால் தேடித் தேடிப் போனவர்களும் உண்டு. ஷான் ஃப்ளின் கதையை எப்படிச் சமாதானம் செய்வீர்கள்? ஹாலிவுட் நடிகர் எரல் ஃப்ளினின் மகன். வசதிக்குக் குறைவில்லை, தானே நடிகராகவும் இருந்து, பிறகு போர்ப் புகைப்படக்காரரானவர். வாடகை மோட்டார் சைக்கிளில் காணாமல் போனார்.

#10 நூலகத்துக்காரி

சமாதானம் செய்யப் போவதில்லை. ஆனால் அந்தக் கதை மோட்டார் சைக்கிளோடு முடியவில்லை.

1970 ஏப்ரல் 6. கம்போடியாவில், முதலாம் எண் நெடுஞ்சாலை. ஷான் ஃப்ளினும் சக புகைப்படக்காரர் டேனா ஸ்டோனும் ஆளுக்கொரு வண்டியில் எதிர்த்தரப்பு சாலையை மறித்திருந்த இடத்தை நோக்கிப் போனார்கள். திரும்பவில்லை. பிடிபட்டார்கள் என்பது வரை தெரிந்தது, அதற்கு மேல் உறுதியான தகவல் கிடைக்கவில்லை.

ஷானின் தாய் லிலி டமிடா. அவரும் நடிகை. கணவரோடு எப்போதோ பிரிந்துவிட்டார், ஒரே மகன். பணத்தைத் தண்ணீராகச் செலவழித்துத் தேட வைத்தார். 1984இல்தான் மகன் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கச் சம்மதித்தார். பதினான்கு வருடம்! 1994இல் அவரும் போய்ச் சேர்ந்தார், எலும்பு ஒன்றுகூடக் கிடைக்காமல். 2010இல் சில எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டு நாளிதழ்களில் பரபரப்பானது. சோதனையில் அவை ஷானுடையவை அல்ல என்று தெரிந்தது.

டேனா ஸ்டோன் வீட்டுக் கதை அதைவிடக் கனமானது. அண்ணன் காணாமல் போன அடுத்த வருடம், 1971இல், தம்பி ஜான் ராணுவத்தில் சேர்ந்தார். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் எண்ணமும் அதற்கு ஒரு காரணம். அந்த ஜான் 2006 மார்ச்சில் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார்.

ஜப்பானியப் புகைப்படக்காரர் தாய்சோ இச்சினோசே என்று ஒருவர். அங்கோர் வாட்டை எப்படியாவது படம் எடுத்தே தீருவேன் என்று 1973 நவம்பரில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படையின் பகுதிக்குள் தனியாகப் போனார். 26 வயது. பெற்றோர் 1982இல் கம்போடியாவுக்கே போய் மகனின் எலும்புகளை அடையாளம் கண்டு அவர் இறந்ததை உறுதி செய்தார்கள். ஒன்பது வருடம் கழித்து. அந்த அம்மாவாவது ஒரு முடிவைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படி ஆறுதல் கொள்வதே கொடுமைதான்.

#11 கப்பல்காரர் மனைவி

நான் புகைப்படத்துறை இல்லை. என் கணவர் சரக்குக் கப்பலில் இரண்டாம் நிலைப் பொறியாளர். கடற்கொள்ளை மும்முரமாக இருந்த நாட்களில் ஏடன் வளைகுடா வழியாகப் போய் வந்தவர். ஒருமுறை அவர்கள் கப்பலைத் துரத்தியிருக்கிறார்கள். எனக்கு அதை முதலில் சொன்னது கம்பெனி இல்லை, தொலைக்காட்சியின் கீழே ஓடிய வரி. கப்பலின் பெயர் ஓடியது. கையில் தோசைக் கரண்டி. அடுத்த ஆறு மணி நேரம் கம்பெனியில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை.

தங்கைக்கு ஒரே ஒரு யோசனை. தினமும் பேசச் சொல்லாதீர்கள். தினமும் என்று வைத்தால், சிக்னல் கிடைக்காத ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைப்பீர்கள். இத்தனை நாளுக்குள் ஒருமுறை என்று ஒரு கெடு வையுங்கள். கெடு தாண்டினால் முதலில் யாரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாரை என்பதை இன்றைக்கே காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த எண்ணே மறந்துபோகும்.

கடைசியாகப் பார்த்த நேரம் என்று வாட்ஸ்அப் காட்டுகிறதே, அதை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். அதை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

#12 ஈரச்சாக்கு

நான் ஒளிப்பதிவாளன், தனியாள்தான். இரண்டு முறை போர்ப் பகுதிக்குப் போயிருக்கிறேன். போகும் முன் தம்பி செய்திருக்க வேண்டியவை சில. அக்கா நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படிவத்தில் சான்றுக் கேள்விகள் என்று ஒரு பகுதி இருக்க வேண்டும். கடத்தப்பட்டால், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று சோதிக்கக் கேட்கும் கேள்விகள். இணையத்தில் எங்கும் கிடைக்காத பதிலாக இருக்க வேண்டும். என்னுடையது, எங்கள் பாட்டி வளர்த்த பசுவின் பெயர். இதைக் கேட்டதும் என் மனைவி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் பசுவின் பெயரை எழுதி வைத்துக்கொண்டாள்.

டூர்னிகேட் என்னும், இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை அவரிடம் இருக்கிறதா, ஒரே கையால் கட்டத் தெரியுமா என்று கேளுங்கள். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் குண்டு விழுந்து கிறிஸ் ஹோன்ட்ரோஸ், டிம் ஹெதரிங்டன் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் இறந்தார்கள். ஹெதரிங்டனின் தொடையிலிருந்து இரத்தம் வெளியேறிக்கொண்டே இருந்தது. அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர் அதன் பிறகுதான் எங்களைப் போன்ற தனியாட்களுக்கு முதலுதவி கற்றுத்தர ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 1985லிருந்து பத்திரிகையாளர்களுக்கென ஓர் அவசரத் தொடர்பு வைத்திருக்கிறது. காணாமல் போனாலோ, பிடிபட்டாலோ, காயம்பட்டாலோ குடும்பத்தாரும் அதைத் தொடர்புகொள்ளலாம். அந்த எண்ணையும் சுவரில் ஒட்டுங்கள். காப்பீடு யார் பெயரில், எந்த நாட்டுக்குச் செல்லும், போர்க் காயத்தைச் சேர்க்கிறதா என்பதைப் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் போர் என்ற சொல் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

வெளிப்படை, யார் உத்தரவு போட்டார்கள் என்று கேட்டீர்கள். யாரும் இல்லை. எங்களுக்கே அந்தக் கேள்வி இரவில் வரும். நேர்மையான பதில் என்னிடம் இல்லை.

#13 இருட்டறை

ஈரச்சாக்கு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். செய்தி வீட்டுக்கு வந்து சேரும் வழி.

ஜுவாவ் சில்வா, நியூயார்க் டைம்ஸ் புகைப்படக்காரர், 2010 அக்டோபர் 23 அன்று காந்தஹார் பகுதியில் கண்ணிவெடியை மிதித்தார். இரண்டு கால்களும் போயின. விழுந்த நிலையிலும் சில படங்கள் எடுத்தார். அதைத்தான் எல்லாரும் வியந்து பேசுகிறார்கள். நான் வியப்பது வேறு. சக செய்தியாளரின் செயற்கைக்கோள் தொலைபேசியை வாங்கித் தென்னாப்பிரிக்காவில் இருந்த மனைவியை அவரே அழைத்துச் சொன்னார். அந்த அம்மாவுக்குச் செய்தி கணவரின் குரலிலேயே போயிற்று.

இதற்கு நேர் எதிர், மேலே சொன்ன ஜேம்ஸ் ஃபோலி. லிபியாவிலிருந்து விடுதலையானவர் 2012இல் சிரியாவில், ஜான் கான்ட்லி என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரரோடு மறுபடி கடத்தப்பட்டார். 2014 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். தாய்க்கு அதைத் தெரிவித்தது அவருடைய அரசாங்கம் இல்லை; தொலைபேசியில் வந்த ஒரு செய்தியாளரின் அழுகை. அதற்கு இரண்டு மாதம் முன்பு விடுதலையான டேனியல் ரை என்ற டென்மார்க் புகைப்படக்காரர், காகிதம் எதுவும் வெளியே கொண்டுவர முடியாது என்பதால், ஃபோலி வீட்டுக்கு எழுதிய கடிதத்தை வரி வரியாக மனப்பாடம் செய்துகொண்டு வந்து, அந்தத் தாய்க்குத் தொலைபேசியில் ஒப்பித்தார். ரையை மீட்டது அவருடைய குடும்பம், ரகசியமாக நன்கொடை திரட்டி. கான்ட்லி திரும்பவே இல்லை. மகனை விட்டுவிடும்படி நோயுற்ற நிலையில் காணொளியில் கேட்டுக்கொண்ட அவருடைய தந்தை, அதே 2014 அக்டோபரில் இறந்துபோனார்.

மனப்பாடம் செய்து வந்த அந்தக் கடிதத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் கிராமத்து ஒப்பாரி ஞாபகம் வரும். எழுதி வைக்காமல் வாய்வழியாக வந்ததாலேயே தங்கியவை.

#14 யமுனைப்பாலம்

ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் தானிஷ் சித்திக்கியை யாரும் சொல்லவில்லையே. நான் தில்லியில் படித்தவன். 2021 ஜூலை 13 அன்று அவர் சென்ற கவச வாகனத்தின் மீது ராக்கெட் குண்டுகள் ஏவப்பட்டதை அவரே ட்விட்டரில் எழுதினார். அப்பாடா, தப்பித்தார் என்று படித்தவர்களில் நானும் ஒருவன். 16ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டக்கில் கொல்லப்பட்டார். 38 வயது. அவரும் படித்த ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தின் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். அவருடைய தந்தை அங்கே பேராசிரியராக இருந்தவர். அடுத்த ஆண்டு தானிஷுக்கு இரண்டாவது புலிட்சர் பரிசு, கொரோனாக் காலப் படங்களுக்காக. அதை மேடையேறி வாங்கியது அவருடைய இரண்டு சிறு பிள்ளைகள்.

பெற்றோர் அதோடு நிற்கவில்லை. 2022 மார்ச்சில் தாலிபான் தலைவர்கள் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார்கள்.

காவிரிக்கரை அக்கா, உங்கள் அம்மா தில்லி என்று நினைத்துக்கொண்டு கேட்கிறாரே, அந்த ஊரிலும் ஒரு வீடு இப்படிக் காத்திருந்தது.

#15 காவிரிக்கரை

நான்கு நாட்களாகப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். எல்லாவற்றையும் படித்தேன். வெளிப்படை எழுதியதைப் படித்து முதலில் கோபப்பட்டேன். பிறகு பார்த்தால், தம்பி புறப்பட்ட இரவில் நான் அவனிடம் கத்தியதும் அதே வார்த்தைகள்தான்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாத்திரை கொடுத்து, சாப்பிட வைத்து, என் கணவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னேன். அம்மா அழவில்லை. "மூன்று வாரமாகப் பொய் மழையா பெய்தது?" என்று கேட்டார். எழுந்து போய் ஏற்கனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினார். அரை மணி நேரம் கழித்து அந்தப் படிவத்தைக் காட்டு என்றார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் பெயர்களைக் கண்டுபிடித்துவிட்டார். "உன் பெயர் இருக்கிறது, மாப்பிள்ளை பெயர் இருக்கிறது. பெற்றவள் பெயர் எங்கே?" அதற்குத்தான் கோபம். போருக்குப் போனதற்கு இல்லை. என்னிடம் பதில் இல்லை.

இன்று தம்பி அழைத்தான். மூன்று நாளுக்கு ஒருமுறை என்று கெடு வைத்திருக்கிறோம். அம்மா தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு போருக்கு ஏன் போனாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். படிவத்தை மாற்று என்றார்.

#16 கப்பல்காரர் மனைவி

அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.

#17 இருட்டறை

ஒரு விஷயம் கவனியுங்கள் அம்மா. தம்பி வேலை செய்யும் செய்தி நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால் ஆங்கிலத்தில்தான் வரும். உங்கள் தாயார் பெயருக்கு எதிரே எந்த மொழி என்று எழுதச் சொல்லுங்கள். மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டுதான் அழைக்க வேண்டும் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள்.

#18 காவிரிக்கரை

எழுதியாயிற்று ஐயா. புதிய படிவம் இன்று காலை வந்தது. முதல் பெயர் அம்மா, மொழி தமிழ். அடியில் ஒரு குறிப்பையும் அம்மா சேர்க்கச் சொல்லியிருக்கிறார்: காது கொஞ்சம் மந்தம், அடுப்படியிலிருந்து வர நேரமாகும், அதற்குள் வைத்துவிட வேண்டாம்.